மூன்று ஆண்டுகளாக ஒரு லுவா டிசெக்டருடன்

கடலூர் சிப்காட்டில் உள்ள ஒரு வேதிப்பொருள் ஆலையின் இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவில் பணிபுரிகிறேன். வேதிப்பொருளை அளந்து செலுத்தும் எங்கள் டோசிங் பம்புகளின் கன்ட்ரோலர்கள் தயாரிப்பாளரின் சொந்த நெறிமுறையில் டிசிபி என்ற வலையமைப்பு இணைப்பு முறை வழியாகப் பேசுவதால், வலையமைப்பில் செல்லும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் அவற்றின் செய்திகள் வெறும் ஹெக்ஸ் எண்களாகவே தெரிந்தன. அவற்றைப் பிரித்துக் காட்டுவதற்காக லுவா நிரல்மொழியில் நான் எழுதிய டிசெக்டரை (பைட்டுகளைப் புலங்களாகப் பிரித்துக் காட்டும் செருகுநிரல்) மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன்.

புலங்களுக்குப் பெயரிட்டு மரவரிசையில் காட்டும் வேலை ஒரே மாலையில் முடிந்துவிட்டது. அலைக்கழித்தது நீளப் புலம்தான். 18 பைட் செய்தியின் நீளம் சிறிய மதிப்புள்ள பைட் முதலில் வரும் லிட்டில் எண்டியன் முறையில் ஹெக்ஸில் 12 00 என வருகிறது. நானோ பெரிய மதிப்புள்ள பைட்டை முதலாகக் கொள்ளும் 'யுஇன்ட்' என்று எழுதி அதை 4608 எனப் படிக்க வைத்தேன். மீதி பைட்டுகள் வரட்டும் என்று டிசெக்டர் காத்திருக்க, திரையில் 'டிசிபி செக்மென்ட்' (டிசிபி அனுப்பும் தரவுத் துண்டு) என்ற வரிகளே அடுக்கடுக்காக நின்றன. 'எல்இ_யுஇன்ட்' என மாற்றியதும் சரியாயிற்று. டிசிபிக்குச் செய்தியின் எல்லை தெரியாது. ஒரே செக்மென்டில் மூன்று செய்திகள் வரலாம், ஒரே செய்தி இரண்டாக உடைந்தும் வரலாம். இந்தக் கணக்கை நானே போட்டுப் பார்த்துத் தோற்றபின், அதற்கென்றே வயர்ஷார்க்கில் உள்ள 'டிசெக்ட்_டிசிபி_பிடியூஸ்' செயற்கூற்றிடம் ஒப்படைத்தேன். முதலிலேயே அதைச் செய்திருக்க வேண்டும்.

அதைவிட நுட்பமான பிழை ஏழெட்டு மாதங்கள் கழித்தே கண்ணில் பட்டது. கன்ட்ரோலரின் பதிலில், அது எந்த அளவீடு என்று காட்டும் ரெஜிஸ்டர் முகவரி இருப்பதில்லை என்பதால், கேள்வியில் வந்த முகவரியை ஒரு பைட் வரிசை எண்ணுடன் அட்டவணையில் சேமித்து, பதில் வரும்போது எடுத்துக் காட்டினேன். வயர்ஷார்க் கோப்பைத் திறக்கும்போது பாக்கெட்டுகளை வரிசையாகப் படிக்கும். பிறகு நாம் எந்த வரியைச் சொடுக்கினாலும் அந்தப் பாக்கெட்டை மறுபடியும் பிரிக்கும். 256 கேள்விகளுக்கு ஒருமுறை வரிசை எண் திரும்பிவிடுவதால், பழைய பதிலைச் சொடுக்கினால் புதிய கேள்வியின் முகவரி அதில் ஒட்டிக்கொண்டது. அழுத்தத்தை ஓட்ட அளவு என்று நம்பி ஒரு நாள் முழுவதும் தவறான பம்பைச் சோதித்தோம். பாக்கெட் ஏற்கெனவே பிரிக்கப்பட்டதா என்று சொல்லும் 'விசிட்டட்' மதிப்பு பொய்யாக (false) இருக்கும் முதல் சுற்றில் மட்டும் கேள்வியையும் பதிலையும் இணைத்து, அதைப் பாக்கெட் எண்ணின் கீழ் வைத்த பிறகு குழப்பம் இல்லை.

வேகத்தில் சி மொழிக்கு லுவா ஈடாகாது. பெரிய கோப்புகளை வயர்ஷார்க்குடன் வரும் எடிட்கேப் கருவி கொண்டு நேரவாரியாகத் துண்டாக்கியே திறக்கிறேன். இருந்தாலும் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எல் அழுத்தினால் திருத்தம் உடனே நடைமுறைக்கு வந்துவிடும் வசதியை விட்டு, ஒவ்வொரு பதிப்புக்கும் கம்பைல் செய்யும் பாட்டுக்குப் போக எனக்கு மனமில்லை.