உள்ளூர்ப் பூ அலங்காரம் என்று பணம் வாங்கிக்கொண்டு துணிப்பூ கட்டினார்கள்: திருமண வீட்டாருக்கு ஓர் எச்சரிக்கை

மதுரை, திண்டுக்கல் பக்கம் திருமணம் வைத்திருப்பவர்கள் மேடை அலங்காரத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். "நம் மண்ணின் பூக்கள் மட்டுமே" என்று விளம்பரம் செய்யும் ஓர் அலங்கார நிறுவனம், சென்ற தை மாதம் என் தங்கையின் திருமணத்தில் எங்களை ஏமாற்றிவிட்டது. புகார் விசாரணையில் இருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை.

நாங்கள் கேட்டது நடக்காத காரியம் அல்ல. பனிக்காலத்தில் மல்லிச் செடி மொட்டு வைப்பது குறைந்துவிடும்; பொங்கலும் முகூர்த்தமும் அடுத்தடுத்து வந்தால் கிலோ ஆயிரங்களில் விற்கும். அதனால் மேடைக்கு மல்லியே வேண்டாம் என்று தங்கை முதலிலேயே சொல்லிவிட்டாள். தை மாதத்தில் தாராளமாகக் கிடைக்கும் செவ்வந்தி, சம்பங்கி, செண்டுமல்லி, கோழிக்கொண்டை. இடையிடையே மணத்துக்கு மருவும் மரிக்கொழுந்தும். வாசலில் குலை தள்ளிய வாழை, தென்னங்குருத்துத் தோரணம். எல்லாம் நிலக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் விளைபவை. அம்மா வழி உறவினர்கள் அங்கே சம்பங்கி பயிரிடுகிறார்கள். அந்தப் பூ தன் மணவறையில் இருக்கவேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. தலைக்கும் மாலைக்கும் மட்டும் மதுரை மல்லி, அதற்கு அன்றைய சந்தை விலையைத் தனியாகத் தருகிறோம் என்றோம். மொத்தம் 1,40,000 ரூபாய் பேசி, 90,000 ரூபாய் முன்பணம் கொடுத்தோம்.

வரவேற்பு அன்று மாலை மேடைக்குப் போனால் மரிக்கொழுந்து வாசனையே இல்லை. பின்திரை முழுக்கத் துணிப்பூ. காம்பைத் திருப்பிப் பார்த்தால் பசை உருண்டு காய்ந்திருந்தது, இதழ் மடிப்புகளில் பழைய தூசி. முன்வரிசையில் மட்டும், படம் எடுக்கும் உயரத்துக்கு, செவ்வந்தியைச் செருகியிருந்தார்கள். இரண்டு பக்கமும் நாங்கள் கேட்கவே கேட்காத ஆர்க்கிட். சம்பங்கி இருந்தது, ஆனால் ஊதாச் சாயத்தில் தோய்த்தெடுத்த சம்பங்கி. தண்ணீர் தெளித்ததும் சரத்திலிருந்து சாயம் சொட்டியது. தங்கையின் பட்டுப்புடவை முந்தானையில் விழுந்த கறை இன்னும் போகவில்லை.

மல்லியில் செய்ததுதான் பெரிய அநியாயம். மல்லி விலை கொடுத்ததற்குக் கட்டி வந்தது காக்கரட்டான் என்ற வேறொரு மல்லி வகை. மதுரை மல்லி மொட்டு குண்டாக இருக்கும். கூடையைத் திறந்த உடனே மணம் கூடத்தை நிறைக்கும். இது ஒல்லியாக, நுனி கூர்ந்து, காம்படியில் பூனைமுடி போன்ற மயிருடன், முகர்ந்தால் மணம் என்று ஒன்றுமே இல்லாமல் இருந்தது. காக்கரட்டானைக் குறை சொல்லவில்லை, அதை அதன் விலைக்கு விற்றால் நானே வாங்குவேன். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற ஒரு பூவின் பெயரைச் சொல்லி, அதன் விலையை வாங்கிக்கொண்டு வேறொன்றைத் தலையில் வைப்பது திருட்டு.

கேட்டபோது, முகூர்த்த நாள், சந்தையில் பூவே வரவில்லை என்றார் பொறுப்பாளர். அன்று காலையில்தான் எங்கள் மாமா குலதெய்வக் கோயிலுக்கு மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் சம்பங்கியும் செவ்வந்தியும் வாங்கி வந்திருந்தார். குவியல் குவியலாகக் கிடந்ததாம். கடைக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டியதும் பேச்சு மாறியது: "படத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது."

படத்துக்காகவா பூ வைக்கிறோம்? விவசாயி விடியலுக்கு முன் தோட்டத்தில் இறங்கிப் பறித்த பூ, மணத்தோடு மேடையில் இருக்கவேண்டும் என்றுதானே அவ்வளவு பணம் கொடுத்தோம்? மறுநாள் மண்டபத்தின் பின்புறம் அவர்கள் கொட்டிப்போன குப்பையில் பூவைவிட, காம்பு செருகி நிறுத்தும் பச்சை நுரைக்கட்டிதான் அதிகம். அது மக்கவே மக்காது. நொறுங்கிப் பொடிப்பொடியாக மண்ணில் கலந்து கிடக்கும்.

"உள்ளூர்ப் பூ" என்று பொதுவாக எழுதிய ஒப்பந்தத்துக்கு யாரும் கையெழுத்துப் போடாதீர்கள். எந்தப் பூ, எத்தனை கிலோ, எத்தனை முழம், அது கிடைக்காவிட்டால் மாற்றாக எது என்று பெயர் பெயராக எழுதச் சொல்லுங்கள். துணிப்பூ, சாயப்பூ, நுரைக்கட்டி கூடாது என்பதும் எழுத்தில் வரட்டும். தை மாதத்தில் மலிவு விலையில் மேடை முழுக்க மல்லித்திரை போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பூ வண்டி வந்து இறங்கும்போது பூ தெரிந்த ஒரு பெரியவரை நிறுத்தி வையுங்கள். எங்கள் அத்தை ஒரு சரத்தைக் கையில் எடுத்த உடனேயே காக்கரட்டான் என்று சொல்லிவிட்டார்.

மீதி 50,000 ரூபாயை நாங்கள் தரவில்லை. ஒப்பந்தம், கைப்பேசிச் செய்திகள், சாயம் பட்ட முந்தானையின் படங்கள் ஆகியவற்றோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் மனு செய்யலாம். எங்கு தொடங்குவது என்று தெரியாதவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம். புகார் பதிவான பிறகு, முன்பணத்தில் பாதியைத் தருகிறோம், புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று அந்த நிறுவனத்திலிருந்து பேசினார்கள். மறுத்துவிட்டோம்.