5 கிலோ கோக்கோபீட் கட்டி: கேந்திக்கும் கோழிப்பூவுக்கும் சரிவருமா?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று எந்த ஊர் உரக்கடைக்குப் போனாலும் வாசலில் செங்கல் மாதிரி அடுக்கி வைத்திருப்பார்கள், இந்த 5 கிலோ கோக்கோபீட் கட்டியை. கதம்பையில் (தேங்காய் மட்டையில்) தும்பு, அதாவது நார், எடுத்த பிறகு உதிர்கிற தூளைக் காயவைத்து, மெஷினில் அழுத்திச் செய்தது. மண் சுமக்க வேண்டாம், மாடியில் கனம் ஏறாது என்று நினைத்து, பூச்சட்டி முழுவதும் இதையே நிரப்பிவிடுகிறவர்கள் நிறையப் பேர். ஒரே மழையில் பாதிச் செடி போவது அங்கேதான். நெல்லுக்கே கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் பார்க்கிற மாவட்டம் இந்தக் கன்னியாகுமரி. இடவப்பாதி, அதாவது வைகாசி நடுவில், ஒரு மழை, ஐப்பசி–கார்த்திகையில் இன்னொரு மழை. கட்டி நல்ல சரக்குதான், நாற்று விட அதைவிடத் தோதான பொருள் கிடையாது. உப்பைக் கழுவி, பருவம் பார்த்துக் கலந்தால் மட்டுமே அந்த நல்ல குணம் வெளியே வரும்.

முதலில் உப்பு. தென்னை கடலோரக் காற்றையும் உப்பையும் தாங்கி வளர்கிற மரம். கதம்பையிலேயே சோடியம், பொட்டாசியம், குளோரைடு இருக்கும். காயல் தண்ணீரில் ஊறப்போட்ட கதம்பை என்றால் இன்னும் கூடும். கழுவாத கட்டியில் கேந்தி (செண்டுமல்லி) விதை போட்டால் முளைக்கத்தான் செய்யும். இரண்டு இலை விட்டதும் அப்படியே நின்றுவிடும், இலை ஓரம் பழுப்பாகக் கருகும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றுவார்கள், அடித்தண்டு அழுகும்.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "கழுவினதா, கழுவாததா?" உறையில் 'லோ ஈசி' (உப்பு அளவு குறைவு) என்று அச்சடித்திருந்தால் கழுவினது என்று பொருள். எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். நனைந்த தூள் 1 குவளை, மழைத்தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர் 1½ குவளை சேர்த்துக் கலக்கி, அரைமணி நேரம் கழித்து வடிகட்டி, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் பேனாவை அதில் முக்குங்கள். 250க்குள் காட்டினால் விதைக்கே போடலாம். 700ஐத் தாண்டினால் கழுவாமல் தொடவே கூடாது. கட்டியின் நிறமும் சேதி சொல்லும். பொன்னிறமாகத் தும்பு நீட்டிக்கொண்டு இருப்பது புதுச் சரக்கு. கரும்பழுப்பாக, கையில் தேய்த்தால் காப்பித்தூள் போல உதிர்வது பழகின சரக்கு, அதைத்தான் எடுக்க வேண்டும். தரையில் தட்டினால் மணல் உதிர்கிற கட்டி என்றால் எடைக்காக மணலும் சேர்ந்து வந்திருக்கிறது, திருப்பி வைத்துவிடுங்கள்.

கட்டியை வெட்டுகத்தியால் உடைக்காதீர்கள், தூள் நொறுங்கி மாவாகிவிடும். அகலமான டப்பில் வைத்து 20 முதல் 25 லிட்டர் தண்ணீரை மூன்று தவணையாக ஊற்றினால் தானே அடுக்கடுக்காக விரிந்து உதிரும். எல்லாம் உதிர்ந்ததும் ஏறக்குறைய 70 லிட்டர் தூள் கிடைக்கும். முதலில் வடிகிற தண்ணீர் கட்டன்சாயா (பால் விடாத தேநீர்) நிறத்தில் இருக்கும். பழைய வெங்காயச் சாக்கில் தூளைக் கட்டித் தூக்கித் தொங்கவிட்டு, மேலிருந்து தண்ணீர் ஊற்றி, வைக்கோல் நிறத்துக்கு வரும்வரை மூன்று நான்கு முறை கழுவ வேண்டும். கடலோர ஊர்களில் போர் தண்ணீரே உப்பாக இருந்தால் இந்தக் கழுவலால் பலன் இல்லை, பிடித்து வைத்த மழைத்தண்ணீர்தான் வேண்டும்.

கழுவின பிறகும் ஒரு வேலை பாக்கி. தூளின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் வெறும் தண்ணீருக்கு முழுதாக விடாது. பிறகு நீங்கள் போடுகிற கால்சியத்தைத் தூள் தனக்கு இழுத்துக்கொள்ளும், செடிக்குப் போகாது. அதனால் 20 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து, கழுவின தூளை ஓர் இரவு ஊறவைத்து, காலையில் வடித்து, ஒருமுறை நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். இதைப் பல கட்டிகளின் உறையில் தெளிவாக எழுதுவதில்லை. இந்தப் பொருளின் பெரிய குறையே அதுதான்.

நாற்றுக்கு இது முழு மதிப்பெண் வாங்கும். 98 குழித் தட்டு ஒன்றுக்குச் சுமார் 3 லிட்டர் தூள் போகும், ஆகவே ஒரு கட்டியில் இருபது தட்டு நிரப்பலாம். வீட்டுக்கு இரண்டு தட்டே தாராளம். ஈரம் பார்க்க ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். விரலிடுக்கில் இரண்டு மூன்று சொட்டு நின்றால் சரி, ஒழுகினால் அதிகம். கேந்தி விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டு மூடினால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். கோழிப்பூ (கோழிக்கொண்டை) விதை பொடி. மேலே தூவி விரலால் அமுக்கினால் போதும். நித்தியகல்யாணிக்கு வெளிச்சம் ஆகாது, மூடி நிழலில் வையுங்கள். தூளில் சத்து ஒன்றும் கிடையாது என்பதால் 12, 15 நாளில் 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு 2 கிராம் கரைத்துத் தெளிக்க வேண்டும். மேலே பச்சையாகப் பாசி பிடித்தால் தண்ணீர் கூடிவிட்டது, சின்னக் கறுப்பு ஈ அங்கேதான் முட்டையிடும்.

ஓணத்துக்கு அத்தப்பூ போடக் கேந்தி வேண்டும் என்றால் நாற்றுக்கு 25 நாள், நட்டுப் பூக்க 50 நாள், நுனி கிள்ளுவதால் பிந்துகிற 10 நாள், ஆக 85 நாள் முன்னாலேயே விதை விழ வேண்டும். அதாவது நாற்றும் நடவும் சரியாக இடவப்பாதி மழையில்தான் அமையும். அப்போது சட்டிக் கலவையில் கோக்கோபீட் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. செம்மண் 2 பங்கு, மக்கின சாணித்தூள் 1 பங்கு, கழுவின மணல் 1 பங்கு, கோக்கோபீட் 1 பங்கு. எம்-சாண்டை (கல்லை உடைத்துச் செய்த மணலை) அப்படியே போட்டால் அதிலுள்ள தூசி சட்டியின் அடியில் சிமெண்ட் போல இறுகிவிடும், அலசிப் போடுங்கள். அடித் துளையின் மேல் உடைந்த ஓட்டுத்துண்டைக் கவிழ்த்து வைத்து, சட்டியையும் இரண்டு ஓட்டின் மேல் தூக்கி வையுங்கள். மழை கூடுதலான கல்குளம், விளவங்கோடு பக்கம் இது கட்டாயம். நித்தியகல்யாணியை மட்டும் மழை முடிகிறவரை கோக்கோபீட் இல்லாமலே வையுங்கள், ஈரம் தேங்கினால் ஒரே நாளில் வேரோடு சாய்கிற செடி அது.

ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கத்துக் கணக்கு வேறு. கணவாய்க் காற்று காலையில் ஊற்றின தண்ணீரை மதியத்துக்குள் உறிஞ்சிவிடும். அங்கே ஆனி, ஆடியிலும் மூன்றில் ஒரு பங்கு கோக்கோபீட் தாராளமாகச் சேர்க்கலாம். மாசி முதல் வைகாசிப் பாதி வரை மாவட்டம் முழுவதுக்கும் 40 சதவீதம் வரை நல்லது. வாடாமல்லி, கோழிப்பூ எல்லாம் அந்தக் கலவையில் ஒரு நேரத் தண்ணீரில் நிற்கும். பத்துமணிப்பூவுக்கு மட்டும் வேண்டாம், அது காய்ந்தால்தான் பூக்கும். இந்தத் தூள் ஒருமுறை சுத்தமாகக் காய்ந்துவிட்டால் பிறகு தண்ணீரை ஏற்காது. மேலே ஊற்றுவது சட்டி ஓரமாக வழிந்து அடியில் போய்விடும், செடி வாடியே நிற்கும். சட்டியோடு வாளியில் அரைமணி நேரம் முக்கி வைப்பதுதான் வழி.

இலை மொத்தமும் வெளிறினால் நோய் என்று மருந்து வாங்க ஓடாதீர்கள். மக்காத தென்னைநார்க் கழிவில் கரிச்சத்து தழைச்சத்தைப்போல் நூறு மடங்குக்கு மேல், 112க்கு 1 என்ற அளவில் இருக்கிறது. அதை மக்கவைக்கிற நுண்ணுயிர்கள் செடிக்குப் போட்ட தழைச்சத்தைத் தின்றுவிடும். பத்து நாளுக்கு ஒருமுறை கடலைப்பிண்ணாக்குக் கரைசலை ஒன்றுக்குப் பத்து தண்ணீர் கலந்து விட்டால் ஈடாகும். அடைமழை நாட்களில் பிண்ணாக்கு வேண்டாம், புழு வைக்கும். அப்போது 19:19:19 போதும்.

பூத்து முடிந்த சட்டித் தூளைத் தூர எறிய வேண்டாம். வேரைப் பிடுங்கிவிட்டு ஒரு வாரம் வெயிலில் பரப்பி, பங்குக்குப் பங்கு சாணித்தூளும் ஒரு பிடி டிரைக்கோடெர்மாவும் (அழுகல் நோயை அடக்கும் நல்ல பூஞ்சைத் தூள்) சேர்த்து, ஈரம் காக்கும்படி சாக்கு போட்டு ஒரு மாதம் மூடி வையுங்கள். நாற்றுத்தட்டுக்கு அதைத் திரும்ப எடுக்காதீர்கள், பழைய அழுகல் நோய் தொற்றும். தரையில் நிற்கும் பிச்சிக்கும் அரளிக்கும் தூரைச் சுற்றி, தண்டில் படாமல் நான்கு விரல் தள்ளி, இரண்டு அங்குலக் கனத்துக்குப் பரப்பலாம்.