என் ஜிடிஓவின் கார்ப்பரேட்டரைக் குப்பை என்றார்கள்

மிச்சிகனில் பழைய மசில் கார் (பெரிய எஞ்சின் போட்ட, வேகமான அமெரிக்கக் கார்) வைத்திருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

என்னுடையது 1969 பான்டியாக் ஜிடிஓ. 400 கன அங்குல எஞ்சின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்க, கம்பெனியிலிருந்தே வந்த ராச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்ப்பரேட்டர். பனிக்காலம் முடிந்து வெளியே எடுத்தால் ஒரே கறுப்புப் புகை. பின்னால் நிற்க முடியாத பெட்ரோல் நெடி. பிளக்கைக் கழற்றினால் விரலெல்லாம் கரி. பெட்ரோல் அதிகமாக இறங்குகிறது என்று எனக்கே தெரிந்தது. எதனால் என்று கண்டுபிடிக்கத்தான் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன்.

முதலில் பிளக், ஒயர், காயில் மாற்றி 540 டாலர் வாங்கினார்கள். புகை அப்படியே இருந்தது. திரும்பக் கொண்டுபோனால், என்னைக் கேட்காமலே வேறு புது கார்ப்பரேட்டரை மாட்டி 1,150 டாலர் பில் நீட்டினார்கள். பழையது எங்கே என்றதற்கு, குப்பை, எறிந்துவிட்டோம் என்றார் முதலாளி. எனக்கு வயிறு எரிந்தது. 7029 என்று தொடங்கும் எண் குத்திய, அந்தக் காரோடு பிறந்த கார்ப்பரேட்டர் அது. மாற்றிய பாகத்தை வாடிக்கையாளரிடம் திருப்பித் தரவேண்டும் என்று இந்த மாநிலத்தில் சட்டமே இருக்கிறது என்று சொன்னேன். பத்தே நிமிடத்தில் உள்ளேயிருந்து வந்தது, துணியில் பத்திரமாகச் சுற்றியபடி.

அன்று ராத்திரியே சமையலறை மேசையில் பிரித்தேன். உள்ளே பெட்ரோலில் மிதந்து மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட் கறுப்பு நுரைப்பொருளால் ஆனது. வருஷக்கணக்கில் பெட்ரோலைக் குடித்துக் குடித்துக் கனத்துவிடும். கனத்தால் சரியான மட்டத்தில் மிதக்காது, பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் ஊசி வால்வு நேரத்துக்கு மூடாது, பெட்ரோல் மட்டம் ஏறிவிடும். புதிய ஃப்ளோட் வாங்கி இரண்டையும் தராசில் வைத்தேன். பழையது ஒன்றரை மடங்கு கனம். ரிப்பேர் கிட்டோடு சேர்த்து எனக்கு ஆன செலவு 70 டாலர்கூட இல்லை. அதையே திரும்ப மாட்டினேன், இப்போது புகையே இல்லை.

இதற்கு ஒரு சோதனை உண்டு. வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஐடிலில் ஓடும்போது, கார்ப்பரேட்டரின் முன்பக்கத்தில் பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸ்சர் ஸ்க்ரூ இரண்டையும் மெதுவாக முழுக்க உள்ளே திருகினால் எஞ்சின் நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் பெட்ரோல் வேறு வழியில் இறங்குகிறது என்று அர்த்தம். இரண்டு நிமிட வேலை, அதைக்கூட அங்கே யாரும் செய்யவில்லை. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயிலில் பெட்ரோல் வாசனை அடித்தது. அப்படி நீர்த்துப்போன ஆயிலோடு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் எஞ்சின் பேரிங்குகள் போயிருக்கும். பணத்தைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை.

எழுத்தில் எஸ்டிமேட் வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். மாற்றிய பாகம் எல்லாம் எனக்கு வேண்டும் என்று முதலிலேயே அதில் எழுதச் சொல்லுங்கள். நான் மாநில அரசிடம் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் இன்னும் திரும்பவில்லை.