‘டெரியரின் வேட்டைப் புத்தியை எடுத்துத் தருகிறோம்’ என்று சொல்பவர்களிடம் ஏமாறாதீர்கள் – சேலம், ஏற்காடு நாய் வளர்ப்பவர்கள் கவனத்துக்கு

கன்னங்குறிச்சி, கோரிமேடு, ஏற்காடு அடிவாரம் பக்கம் தோட்டத்தோடு வீடு வைத்து ஜாக் ரஸல், ஃபாக்ஸ் டெரியர் போன்ற டெரியர் இன நாய் வளர்ப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். அணிலைத் துரத்துகிறது, கோழியைக் கவ்வுகிறது, மதில் ஓரம் தோண்டுகிறது என்று விசாரிக்கப் போனால், “மூணு வாரம் எங்ககிட்ட விடுங்க, வேட்டைப் புத்தியை அடியோட எடுத்துத் தர்றோம், கேரண்டி” என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. ஒன்பது மாத ஜாக் ரஸல் ஒன்றை அப்படி ஓர் இடத்தில் விட்ட குடும்பத்துக்கு நடந்தது இது.

இருபத்தைந்தாயிரம் ரூபாய், முழுவதும் முன்பணம். ரசீது தரவில்லை. நடுவில் போய்ப் பார்க்கவும் விடவில்லை. ஓனரைப் பார்த்தால் நாயின் கவனம் சிதறும் என்று காரணம் சொன்னார்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு வீடியோ வந்தது. இரண்டிலும் நாய் சிமெண்ட் தரையில் உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் ஒரு மரம் கூட இல்லை, அணிலுக்கு எங்கே போவது? திரும்பி வந்த நாய் முதல் சில நாள் மூலையில் சுருண்டு கிடந்தது. ‘அடங்கிவிட்டது’ என்று வீட்டில் நினைத்தார்கள். பிறகு ஒரு காலையில் மாமரத்திலிருந்து அணில் இறங்க, பழையபடியே பாய்ந்தது. வீட்டுப் பையன் கழுத்துப் பட்டையைப் பிடித்ததும், உறுமாமல் கொள்ளாமல் திரும்பி அவன் முன்கையைக் கடித்தது. அதுவரை யாரையும் கடித்த நாய் இல்லை அது.

கால்நடை மருத்துவர் தொண்டைப் பக்கம் முடியை விலக்கிப் பார்த்தபோது, ஒன்றரை அங்குல இடைவெளியில் வட்டமாக இரண்டு புண். ஷாக் காலரின், அதாவது மின்சார அதிர்ச்சி கொடுக்கும் கழுத்துப் பட்டையின், இரண்டு ஆணிகளும் நாள்கணக்கில் ஒரே இடத்தில் அழுத்தினால் வரும் புண் அப்படித்தான் இருக்கும். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “வீட்ல நீங்க சரியா ஃபாலோ பண்ணல சார்” என்று பதில் வந்தது.

எடுத்துத் தருகிறோம் என்பதே பொய். இங்கிலாந்தின் டெவன் பகுதிப் பாதிரியார் ஜான் ரஸல், வளைக்குள் ஒளியும் நரியைக் கிளப்புவதற்கென்றே 19-ம் நூற்றாண்டில் வளர்த்த நாய்களின் வழி வந்தது ஜாக் ரஸல். பார்த்தல், உறைந்து நிற்றல், துரத்தல், கவ்வல், உலுக்கிக் கொல்லல் என்று வேட்டை படிப்படியாகப் போகும். ஆடு மேய்க்கும் கோலி போன்ற நாய்களில் கடைசி இரண்டும் தணிந்திருக்கும். டெரியரில் அவைதான் ஓங்கி நிற்கும். அணில் அகப்படாவிட்டாலும் பரவாயில்லை, துரத்தியதே அதற்குக் கூலி. அந்த வெறியின் உச்சத்தில் கழுத்தில் சுரீரென்று வலித்தால், ‘அணிலைத் துரத்தியதால் வலித்தது’ என்று நாய் கணக்குப் போடாது. அந்த நொடியில் கண்ணில் பட்ட குழந்தையோ, கழுத்துக்கு வந்த கையோதான் வலிக்குக் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாம். உறுமியதற்கும் ஷாக் கொடுத்திருந்தால் உறுமலும் போய்விடும். எச்சரிக்கை இல்லாமல் நேராகக் கடிக்கும். வேல்ஸ் நாட்டில் 2010-லேயே இந்தக் காலரைத் தடை செய்துவிட்டார்கள். கோழியைக் கவ்வும் பழக்கம் போகும் என்று, எஸ்டேட் பக்கம் செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டிவிடும் வழக்கமும் உண்டு. நாய்க்குச் சீக்கு வருவது ஒன்றுதான் அதில் மிச்சம்.

பணம் கட்டும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். கழுத்தில் என்ன மாட்டுவீர்கள்? எந்த நேரமும் நான் வந்து பார்க்கலாமா? எங்கள் தோட்டத்துக்கே வந்து சொல்லித் தருவீர்களா? மூன்றாவதற்கு ‘இல்லை’ என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். ஓர் இடத்தில் படித்ததை நாய் இன்னோர் இடத்துக்குத் தானாகக் கொண்டுவராது. உங்கள் மாமரத்தடியில்தான் அது பழக வேண்டும்.

பழக்கத் தேவைப்படும் சாமான் அதிகமில்லை. கழுத்துப் பட்டை வேண்டாம். மார்பைச் சுற்றி மாட்டும், முதுகில் வளையம் உள்ள ஹார்னஸ். அதில் பத்து மீட்டர் நீளத் தட்டை நைலான் வார், முடிச்சே இல்லாமல். முடிச்சு இருந்தால் செடியில் சிக்கும். வாரை மரத்தில் கட்டிவிடாதீர்கள். பத்து மீட்டர் ஓடி வந்து வெடுக்கென்று நின்றால் ஹார்னஸ் போட்டிருந்தாலும் முதுகு அடிபடும். கையுறை போட்டுப் பிடியுங்கள், உள்ளங்கை கிழியும்.

நாயின் முகத்தைப் பாருங்கள். அணில் கண்ணில் பட்டதும் மூச்சிரைப்பு நின்று வாய் மூடிக்கொள்ளும். காது முன்னால் வரும், முன்னங்கால் ஒன்று மேலே எழும், வால் நுனி மட்டும் நடுங்கும். அதிலிருந்து பாய்ச்சலுக்கு ஒன்றிரண்டு நொடிதான். உங்களுக்குக் கிடைக்கும் நேரம் அவ்வளவே. அப்போது மெதுவாக ஒரு விசில். திரும்பிப் பார்த்தால் வேகவைத்த ஈரலைப் பட்டாணி அளவில் நறுக்கி வைத்ததை, அணிலுக்கு எதிர்ப்பக்கம் புல்லில் நாலைந்து துண்டாக வீசுங்கள். மோந்து தேடித் தின்னட்டும்; தேடுவதும் அதற்கு வேட்டைதான். திரும்பவில்லையா, அடுத்த முறை இன்னும் ஐந்தாறு அடி தள்ளி நில்லுங்கள். பாய்ந்த பிறகு விசில் ஊதவே ஊதாதீர்கள், விசிலுக்கு மதிப்புப் போய்விடும். வாரைப் பிடித்துக்கொண்டே நாயிடம் நடந்து போய்க் கூட்டி வாருங்கள். விசிலை முதலில் வீட்டுக்குள், பிறகு மொட்டை மாடி, பிறகு யாரும் இல்லாத தோட்டம், கடைசியாக அணில் நேரம் என்று ஏற்றுங்கள். பத்துக்கு ஒன்பது தடவை திரும்பினால்தான் அடுத்த படி. காலையிலும் சாயங்காலமும் அணில் நடமாட்டம் அதிகம் என்பதால், அந்த வேளையில் வார் இல்லாமல் அவிழ்த்து விடக்கூடாது.

தோண்டுவதைத் தடுக்க முடியாது, இடத்தை மாற்றலாம். ஐந்துக்கு மூன்றடி, ஒன்றரை அடி ஆழம் குழி எடுத்து மணலும் சலித்த செம்மண்ணும் கலந்து நிரப்பி, எலும்பையோ பொம்மையையோ புதைத்துக் காட்டுங்கள். வேலி ஓரத்தில் வெல்டு மெஷ் கம்பி வலையை ‘ட’ மாதிரி மடித்து, உள்பக்கமாக ஒன்றரை அடி படுக்கவைத்து மண் போட்டு மூடிவிட்டால் அங்கே தோண்டுவது நின்றுவிடும். மெஷ்ஷை வெளிப்பக்கம் படுக்கவைத்தால் பிரயோஜனமில்லை, நாய் தோண்டுவது உள்ளேயிருந்து. கேட் கம்பி இடைவெளியையும் பாருங்கள். மூன்று அங்குலம் இருந்தாலே குட்டி நுழைந்துவிடும்.

உலுக்கும் ஆசைக்கு நாலடி பி.வி.சி. பைப்பில் ஐந்தடிக் கயிறு கோத்து நுனியில் கந்தல் துணி கட்டித் தரையோடு இழுங்கள். ஒரு வயசு ஆகும்வரை எலும்பு முற்றாது, அதனால் குதிக்க விடாதீர்கள். ஐந்து நிமிடம் போதும். முடிவில் பிடிக்கவிட்டு, ‘விடு’ என்று ஈரலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கடைசிவரை பிடிக்கவே விடாமல் இழுத்தால் வெறி ஏறும்.

எலிமருந்து வைத்த வீட்டில் டெரியர் வளர்க்கக்கூடாது, பக்கத்து வீட்டையும் கேட்டு வையுங்கள். விஷம் தின்று செத்த எலியைத் தின்றாலும் நாய்க்கு ஆபத்து. எலிக்காய்ச்சலுக்கான ஊசியை ஆண்டுதோறும் போடுங்கள். கல் குவியல், தென்னை மட்டை, விறகு அடுக்கு மூன்றையும் அப்புறப்படுத்துங்கள்; எலி வரும் இடத்துக்குக் கண்ணாடி விரியனும் வரும், டெரியர் பின்வாங்காது. ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குள் வாரை அவிழ்க்கவே வேண்டாம். காட்டெருமையைக் குரைத்துக் கிளப்பிவிட்டு, நாய் உங்களிடம்தான் ஓடி வரும்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால், புண்ணைத் தேதியோடு படம் எடுத்து மருத்துவரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். ஜிபே ரசீது, ‘கேரண்டி’ என்று வந்த மெசேஜ் இரண்டையும் சேர்த்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். விலங்குகளை வதைப்பது 1960-ம் ஆண்டுச் சட்டத்தின் 11-ம் பிரிவில் குற்றம். நாய் கடித்திருந்தால், வீட்டு நாயே ஆனாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அப்படித் திரும்பி வந்த நாயின் கழுத்தில் புண் ஆறும்வரை எதையும் மாட்டாதீர்கள், பிள்ளைகள் யாரும் கழுத்தைத் தொடவும் வேண்டாம்.