வெள்ளிக்கு எத்தனை பாத்?

மலேசியத் தமிழர்கள் நாங்கள் ரிங்கிட்டை இன்றும் 'வெள்ளி' என்றுதான் சொல்கிறோம். ரிங்கிட் என்ற மலாய்ச் சொல்லுக்கே ரம்பப் பல் போன்றது என்று பொருள். அந்தக் காலத்தில் இங்கே புழங்கிய ஸ்பானிய வெள்ளி நாணயத்தின் ஓரம் அப்படி வெட்டு வெட்டாக இருந்ததால் வந்த பெயர். தாய்லாந்து நாணயமான பாத் பிறந்தது தராசில். தெற்குத் தாய்லாந்தின் ஹாட் யாய் நகரத்து நகைக்கடையில் தங்கத்தை இப்போதும் பாத் கணக்கில்தான் நிறுப்பார்கள். ஒரு பாத் 15 கிராமுக்குச் சற்று மேல், ஏறக்குறைய இரண்டு பவுன்.

1997 ஜூலை 2 அன்று தாய்லாந்து பாத்தை மிதக்கவிட்டது, அதாவது அதன் மதிப்பைச் சந்தையே முடிவு செய்யட்டும் என்று விட்டது. அமெரிக்க டாலருக்கு 25 பாத்தாக இருந்தது ஆறே மாதத்தில் 50ஐத் தாண்டியது. ரிங்கிட்டும் 2.50இலிருந்து 4.80க்கு மேல் சரிந்தது. அப்புறம் இரண்டும் வேறு வேறு வழியில் போயின. தாய்லாந்து சர்வதேச நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) கடனை வாங்கிக்கொண்டு பாத்தைச் சந்தையிலேயே விட்டது. மலேசியா 1998 செப்டம்பரில் டாலருக்கு 3.80 வெள்ளி, அதற்கு மேலும் கீழும் இல்லை என்று பூட்டுப் போட்டது.

2005 ஜூலையில் பூட்டைத் திறந்தபோது ஒரு வெள்ளிக்குச் சுமார் 11 பாத் கிடைத்தது. அண்மை ஆண்டுகளில் ஏழரை, மிஞ்சினால் எட்டு. முதலில் சரிந்த நாணயம்தான் இன்று உறுதியாக நிற்கிறது. எங்கள் அரசின் வருமானத்தில் எண்ணெய்க்குப் பெரிய பங்கு. 2014இல் எண்ணெய் விலை விழுந்தபோது வெள்ளியும் கூடவே விழுந்தது. பாத்துக்குச் சுற்றுலாப் பயணிகளின் பணம் இருக்கிறது, தங்கமும் இருக்கிறது. தங்கம் விலை ஏறினால் தாய்லாந்து மக்கள் விற்கிறார்கள். அது ஏற்றுமதியாகி வரும் டாலர் பாத்தாக மாறும்போது பாத்தும் ஏறுகிறது. எதைக் கையில் வைத்திருக்கலாம் என்று கேட்டால், மாற்றிய பாத்தில் மிச்சம் இருந்தால் அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

சரி, மாற்றுவது எப்படி? இரண்டுக்கும் நடுவில் டாலரை வைத்துக் கணக்குப் போடுங்கள். டாலருக்கு 33 பாத், 4.20 வெள்ளி என்றால் 33ஐ 4.20ஆல் வகுத்தால் 7.86. நாணய மாற்றுக் கடைப் பலகையில் இதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், அது நியாயம். ஆனால் தாய்லாந்துக் கடையில் வெள்ளியையே நீட்டி, கடைக்காரர் ஏழு என்று முழு எண்ணில் கணக்குப் போட்டால், 100 வெள்ளிக்கு 86 பாத் போய்விடும். இப்போது எங்கள் வங்கிச் செயலியிலேயே தாய்லாந்து கியூஆர் குறியை வருடிப் பணம் கட்டலாம். கட்டும் முன்பே எத்தனை வெள்ளி என்று திரையில் காட்டிவிடும், கட்டவேண்டிய பாத்தை அந்த வெள்ளியால் வகுத்து, 7.86 போல நீங்கள் போட்ட கணக்குடன் ஒப்பிட்டுப் பார்த்து அழுத்துங்கள்.