மாக்கல் மேடையும் ஓயாத எண்ணெய்ப் பூச்சும்

புது வீட்டுச் சமையலறைக்கு மாக்கல் (சோப்ஸ்டோன்) மேடை போடலாமா என்று தோழி கேட்டாள். நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டு மேடை மாக்கல்தான். வருடக்கணக்காக அதன்மேல்தான் சமையல். ஆனால் அவள் கேட்ட நேரம் சரியில்லை. அப்போதுதான் மேடை முழுக்க எண்ணெய் பூசி முடித்துத் தோள்பட்டையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் சமையலுக்கு இதைவிடத் தோதான கல் இல்லை. அடுப்பிலிருந்து இறக்கும் வாணலியைப் பிரிமணை தேடாமல் அப்படியே வைக்கலாம். குவார்ட்ஸ் மேடையில் இதைச் செய்தால் அதில் கலந்திருக்கும் பிசின் கருகித் தடம் விழுந்துவிடும். புளிக்கரைசலோ எலுமிச்சைச் சாறோ சிந்தினால் பளிங்கு அரித்து மங்கிப்போகும். மாக்கல் கண்டுகொள்ளவே செய்யாது. அமிலத்துக்கு அசையாத கல் என்பதால்தான் ஒரு காலத்தில் அமெரிக்காவில் வேதியியல் ஆய்வக மேசைகளை வர்ஜீனியா மாக்கல்லில் செய்தார்கள். மஞ்சள் குழைத்த கிண்ணம் ஒருநாள் இரவு கவிழ்ந்து கிடந்தது. காலையில் ஈரத்துணியால் ஒரு துடைப்பு, மேடை சுத்தம். சுவரில் டைல் இடுக்குகளில் தெறித்த மஞ்சள் மட்டும் இன்றுவரை போகவில்லை.

கீறல் விழாதா என்பார்கள். விழும். மாக்கல்லில் இருக்கும் டால்க் என்ற கனிமத்தில் நகம் பட்டாலே கீறல் விழும். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு மிகக் குறைந்த எண், 1தான். மேடைக்கு வரும் கல்லில் வேறு கனிமங்களும் கலந்திருப்பதால் அத்தனை மென்மை இராது. ஆனாலும் கிரைண்டரைத் தரதரவென்று இழுத்தால் வெள்ளைக் கோடு நிச்சயம். உப்புத்தாளால் தேய்த்துக் கொஞ்சம் எண்ணெய் தடவினால் கோடு மறைந்துவிடும். அதனால் கீறல் எனக்கு ஒரு புகாரே இல்லை.

என் புகார் எண்ணெய். இந்தக் கல்லின் சொந்த நிறம் வெளிறிய சாம்பல். கடையில் நாம் பார்த்து மயங்கும் கறுப்பு, மினரல் ஆயில் என்ற கனிம எண்ணெய் பூசி வரவழைத்தது. கல் எண்ணெயை உள்ளே இழுப்பதில்லை. மேலேயே நிற்கும், துடைக்கத் துடைக்கப் போகும். போவதாவது சீராகப் போகிறதா? தொட்டியோரம் பாத்திரச் சோப்பு பட்டு வெளுக்கிறது. அடுப்போரம் தாளிப்பு தெறித்து மேலும் கறுக்கிறது. நடுவில் ஈர டம்ளர் வைத்த இடமெல்லாம் வட்டம். ஊரிலிருந்து வந்த மாமியார், மருமகள் மேடையைத் துடைப்பதே இல்லை என்று முடிவுகட்டி, நான் வேலைக்குப் போனதும் சோப்புப் போட்டு அழுந்தத் தேய்த்துவிட்டார். வார இறுதி உழைப்பு ஒரே மதியத்தில் போயிற்று.

போகப் போகப் பூச வேண்டிய தேவை குறையும் என்றார் பதித்தவர். அவர் பார்த்த வீடுகளில் தினமும் கடுகு வெடித்திருக்காது. மெழுகு கலந்த பூச்சு கூடுதல் நாள் நிற்கிறது, உண்மைதான். ஆனால் சூடான வாணலி பட்டால் மெழுகு உருகித் தடம் விழுகிறது. ஆக, பிரிமணை மறுபடி வந்துவிட்டது. எதற்காக இந்தக் கல்லை வாங்கினோமோ அதுவே போயிற்று. நல்லெண்ணெய் பூசினால் காறல் வாடை அடிக்கும். பூசாமலே விடலாம், கல்லுக்கு ஒரு கேடும் இல்லை; ஆனால் அப்பளத் தட்டு வைத்த இடமெல்லாம் கறுத்து மேடை புள்ளிமான் ஆகிவிடும். சேலத்துக் கல்சட்டியும் இதே இனம்தான். அதைப் பழக்கிவிட்டால் பிறகு அடுப்புச் சூட்டிலேயே கறுத்து நிற்கும், யாரும் உட்கார்ந்து எண்ணெய் பூசுவதில்லை. மேடை அடுப்பில் ஏறுவதில்லையே.

“வேண்டாம், கிரானைட் போடு” என்று சொல்லிவிட்டேன்.

“அப்படியானால் நீ மாற்றுவாயா?” என்று மடக்கினாள். மாட்டேன். கொதிக்கும் குக்கரைக் கையில் பிடித்துக்கொண்டு வைக்க இடம் தேடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

அவள் என் பேச்சைக் கேட்பாள் என்று தோன்றவில்லை. அதனால் இதையும் சொல்லி வைத்தேன்: கடையில் ஒரு துண்டுக் கல்லை வாங்கி வா. பாதிக்கு மட்டும் எண்ணெய் பூசி, ஒரு மாதம் அடுப்புக்குப் பக்கத்தில் போட்டு வை. தாளிப்பதை மட்டும் நிறுத்தாதே.