கேபிளா, மெஷ்ஷா, ரிப்பீட்டரா: வெள்ளவத்தையில் ஒரு வைஃபைப் போர்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டில் ரவுட்டர் வாசலோரம். இணையம் தேவைப்படுவதோ கடல் பார்த்த பின்னறையில். இடையில் குசினி, குளிர்சாதனப் பெட்டி, கொங்கிரீட் சுவர்கள். 5 கிகாஹேர்ட்ஸ் அலைக்கு வேகம் உண்டு, சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹேர்ட்ஸ் எப்படியோ ஊடுருவி வரும். ஆனால் மேல்வீட்டு, கீழ்வீட்டு வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அந்த அலைவரிசையில்தான் இடிபடுகின்றன. தீர்வு சொல்ல வீட்டில் மூன்று கட்சிகள்.

தம்பியின் கட்சி ரிப்பீட்டர்: ரவுட்டரின் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் பெட்டி. புறக்கோட்டையில் பேரம் பேசி வாங்கும்போதே அவனுக்குப் பாதி இன்பம் கிடைத்துவிடும். மலிவுதான். ஆனால் ஒரே அலைவரிசையில் வாங்குவதையும் கொடுப்பதையும் செய்யும் ரகத்தில் வேகம் ஏறக்குறையப் பாதியாகிறது. “சிக்னல் கோடு முழுதாகக் காட்டுகிறதே” என்பான். கோடு காட்டும், படம் ஓடாது.

அக்கா மெஷ் பக்தை: பல பெட்டிகளை அங்கங்கே வைத்து ஒரே வைஃபையாக இயக்கும் முறை அது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் விற்பனையாளருக்கே பாடம் எடுத்துவிட்டு வருவாள். அறைக்கு அறை நடந்தாலும் இணைப்பு அறாது, உண்மை. விலைதான் கடிக்கிறது. பெட்டிகள் தமக்குள் பேசுவதும் அதே சுவர்களின் வழியேதான் என்பதை அவள் பேசமாட்டாள். மெஷ்ஷின் போன் செயலியைப் பார்த்து, “அம்மா, உங்கள் போன் இரவு 2 மணிக்கும் விழித்திருந்ததே” என்று விசாரிப்பது மட்டும் தவறாது.

அப்பாவுக்கு கேட் 6 என்ற ரக இணையக் கேபிள்தான் வேதம்: 100 மீட்டர் வரை நொடிக்கு 1 கிகாபிட். ஒவ்வொரு முனையிலும் திகதியிட்ட லேபல் ஒட்டுவார். “இது வீடா, டெலிபோன் எக்ஸ்சேஞ்சா?” என்பது அம்மாவின் நிரந்தரக் கேள்வி. ஆனாலும் 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் போனதை மறக்க முடியுமா? மெஷ் என்றால் பெட்டிக்குப் பெட்டி மின்கலம் வேண்டும். கேபிளில் மடிக்கணினியைச் செருகினால் ரவுட்டருக்கு மட்டும் சின்ன யூபிஎஸ் போதும்.

என் வாக்கு அப்பாவுக்கே, ஒரு திருத்தத்தோடு. போனில் கேபிளைச் செருக முடியாது; ஆகவே பின்னறைக் கேபிளின் நுனியில் அக்காவின் மெஷ் பெட்டி ஒன்றை மாட்ட வேண்டும். அப்போது சுவர்ப் பிரச்சினையே இல்லை. இருவரும் தாமே வென்றதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அம்மம்மா எந்தக் கட்சியிலும் இல்லை. மொபைல் டேட்டாவில் கனடாப் பெரியம்மாவோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

கேபிளைப் பல்கனி வழியாக இழுக்காதீர்கள், கடல் உப்புக் காற்று முனைகளை அரித்துவிடும். இதைக் கட்டாயம் எழுதச் சொன்னவர் அப்பா.